தோட்டக்காரனின் கடிதம்

விஞ்ஞான வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் எழுவது பெரும்பாலும் தனிமனிதர் ஒருவரின் உருவமே. ஆப்பிள் மரத்தடியில் ஒருவர், ஆய்வுகூடத்தில் ஒருவர், கப்பலின் மேற்றளத்தில் ஒருவர். வகுப்பறையில் நாம் கற்பித்து வருவதும் இவ்வாறே. ஆயின், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் விஞ்ஞானம் வளர்ந்த இடங்களுள் தபாற்பைக்கும் முதன்மையான இடம் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சார்ள்ஸ் டார்வின் 1842இல் கென்ற் பகுதியைச் சேர்ந்த டவுண் என்னும் சிற்றூரிற் குடியேறினார். அதன்பின் 1882இல் இறக்கும்வரை நோயோடு போராடியபடி பெரும்பாலும் அவ்வீட்டிலேயே வாழ்ந்தார். உலகம் அவரிடம் கடிதமாகவே வந்தது. அவர் எழுதியனவும் பெற்றனவுமாக ஏறத்தாழ 15,000 கடிதங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். பேராசிரியர்கள் மட்டுமல்லர், புறா வளர்ப்போர், தோட்டக்காரர், பாதிரிமார், குடியேற்ற நாட்டு உத்தியோகத்தர் எனப் பலதரத்தாரும் அவருள் அடங்குவர்.

இதற்கு ஒரு பொருளாதார அடிப்படை உண்டு. முன்னர் தபாற் கட்டணம் தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப அறவிடப்பட்டது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதைக் கொடுக்க வேண்டியிருந்தது. பாராளுமன்ற உறுப்பினருக்கோ இலவசமாகக் கடிதம் அனுப்பும் சலுகை இருந்தது! பணம் படைத்தவனுக்கு இலவசம், ஏழைக்குக் கட்டணம். 1840 ஜனவரி 10ஆம் தேதி அம்முறை ஒழிந்தது. அரை அவுன்சுக் கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னியிற் செல்லலாயிற்று. சலுகையும் நீங்கிற்று.

1858 ஜூன் மாதத்தில், மலாயத் தீவுக்கூட்டத்திலிருந்து வாலஸ் அனுப்பிய கட்டுரை டார்வினைத் திடுக்கிடச் செய்த கதை பலரும் அறிந்தது. அதனை இங்கு மீட்டுங் கூறப் புகோம். நாம் கூற விரும்புவது அதிகம் அறியப்படாத ஒருவரைப் பற்றி.

ஜோன் ஸ்கொட் என்பவர் எடின்பரோத் தாவரவியற் பூங்காவிலே தோட்டக்காரராக வேலை பார்த்தவர். பல்கலைக்கழகப் பட்டமோ சங்க உறுப்புரிமையோ அவருக்கில்லை. 1862 நவம்பரில், தமது இருபத்தாறாம் வயதளவில், டார்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவ்வாண்டுதான் டார்வினின் ஓர்க்கிட் நூல் வெளிவந்திருந்தது. அதில் அக்றொபெரா என்னும் செடியைப் பற்றி டார்வின் கூறியது தவறு என்பதே கடிதத்தின் சாரம். தாம் கண்ட பூக்கள் ஆண்பூக்களே என்று டார்வின் முடிவு செய்திருந்தார். தோட்டக்காரரோ தம் கையாலேயே மகரந்தம் சேர்த்து அச்செடியைக் காய்க்கச் செய்துவிட்டார்.

டார்வின் சினக்கவில்லை, எழுதியவர் யார், எவரிடம் கற்றவர் என்று ஆராயவுமில்லை. உடனே நன்றி கூறிப் பதில் எழுதினார். இதிலே தவறினேனாயின் வேறொரு செடியைப் பற்றிய முடிவிலுந் தவறியிருக்கலாமே என்று தம்மையே ஐயுற்றார். கடிதங்கள் தொடர்ந்தன. பரிசோதனைகளைப் பற்றி இருவரும் சமமாக நின்று வாதிட்டனர். பிரிமுலாக் குடும்பச் செடிகளைப் பற்றி ஸ்கொட் எழுதிய ஆய்வு, டார்வினின் ஊக்கத்தால் 1864இல் லண்டன் லின்னேயன் சங்கத்திலே படிக்கப்பட்டது. ஒரு பென்னித் தபால் முத்திரை செய்த இக்காரியத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால், கடிதத்திலே கிடைத்த சமத்துவம் வேலைத்தலத்திலே கிடைக்கவில்லை. மேலதிகாரியோடு ஏற்பட்ட மனக்கசப்பினால் ஸ்கொட் அதே 1864இல் எடின்பரோவை விட்டு நீங்கினார். டார்வின் தம் நண்பர் ஹூக்கரிடம் அவருக்காகப் பரிந்து பேசினார். ஈற்றில் திறந்த கதவு இந்தியாவின் கதவே. பிரயாணச் செலவை டார்வின் தம் கையிலிருந்து கொடுத்தார். 1865இல் ஸ்கொட் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவிற் பொறுப்பான பதவி பெற்றார். தாய்நாட்டிலே பணிந்து நின்றவர், குடியேற்ற நாட்டிலே பிறரைப் பணிகொள்பவரானார். ஏகாதிபத்தியம் தன் நாட்டு வர்க்க முரண்பாட்டை இவ்வாறு கடல்கடந்து ஏற்றுமதி செய்தமை ஸ்கொட் ஒருவர் வாழ்விலே மட்டும் நிகழ்ந்ததன்று.

1867இல் டார்வின் ஒரு வினாத்தாளை அச்சிட்டுப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். துயரம், நாணம், வியப்பு முதலியவற்றை எல்லா இன மக்களும் ஒரே முகக்குறிகளாலேயே வெளியிடுகின்றனரா என்பதே அதன் பொருள். 36 பதில்கள் வந்தன. இலங்கையிலிருந்தும் கிளெனி என்னும் பாதிரியார் அவதானித்து எழுதினார்; டார்வினுக்குத் தாவரச் செய்திகளை அனுப்பிவந்த பேராதனைப் பூங்காவின் துவைற்சும் அக்கடித வலையைச் சேர்ந்தவரே. மனித இனங்கள் யாவும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவை என்பதற்கு இப்பதில்கள் சான்றாயின. அடிமை முறையை வெறுத்த டார்வினுக்கு அது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. அந்நோக்கத்தின் மேன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயின், சான்று திரட்டப்பட்ட முறையையும் பார்க்கவேண்டும்.

மிகக் கவனமாகப் பதில் எழுதியவர்களுள் ஒருவர் கல்கத்தா ஸ்கொட். பூங்காவிலே உழைத்த பல குலத்துத் தொழிலாளரையும் அவர் நுணுகி நோக்கினார். அவர் கண்டவற்றுள் ஒன்று 1872இல் வெளிவந்த டார்வினின் நூலிலே பதிவாகியுள்ளது. தோட்டத் தொழிலாளி ஒருவரின் மனைவி, தாங்கர் என்று அழைக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்த மிக இளம் பெண், சாகுந் தறுவாயிலிருந்த தன் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஸ்கொட் செடிகளின் மறைவில் நின்று நெடுநேரம் பார்த்தார். புருவங்களின் உள்முனைகள் உயர்ந்திருந்தன. நெற்றியின் நடுவே சுருக்கம் விழுந்திருந்தது. சற்றே திறந்திருந்த வாயின் கோடிகள் தாழ்ந்திருந்தன. வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

பின்னர் அவர் மறைவிலிருந்து வெளிப்பட்டு அவளோடு பேசினார். அவள் திடுக்கிட்டாள், கதறியழுதாள், தன் குழந்தையைக் குணமாக்கித் தரும்படி அவரை இரந்து வேண்டினாள்.

அவள் பெயர் நூலில் இல்லை. அத்தாயைத் தொடர்ந்து நூல் அடுத்த உதாரணத்துக்குச் செல்கின்றது: நோயாலும் வறுமையாலும் தன் ஆசை ஆட்டை விற்க நேர்ந்த ஒருவன், கையிலிருந்த காசையும் கட்டியிருந்த ஆட்டையும் மாறி மாறிப் பார்த்து நின்றமை.