யாருக்கு வேணும்?

பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடை. தலைமடைக்காரர் எடுத்ததுபோக மிச்சம்தான் எங்களுக்கு. தேசியப் பங்குச் சந்தை வழக்கைப் படித்தபோது 'அட, நம்ம மதகுக் கதை' என்று தோன்றியது.

2010 முதல் 2014 வரை நடந்ததைப் பற்றிய வழக்கு. விலை விவரங்களைத் தரகர்களுக்குத் தனித்தனி டிசிபி இணைப்பில், ஒருவர்பின் ஒருவராக அனுப்பினார்கள். முந்தி இணைந்தவருக்கு முந்திக் கிடைக்கும். 2019 ஏப்ரலில் செபி, சந்தையை 624.89 கோடி ரூபாயை வட்டியோடு கட்டச் சொன்னது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, கவனக்குறைவுக்கு 100 கோடி என்றது.

இத்தனைக்கும் மருந்து 1989-லேயே இருந்தது: ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்எஃப்சி 1112. அனுப்புவது ஒரே பிரதி; வழி பிரியும் இடத்தில் ரவுட்டர் நகலெடுக்கும். (தண்ணீருக்கு அந்த வசதி இல்லை!) யாருக்கு வேணும் என்று அறியத்தான் ஐஜிஎம்பி. ரவுட்டர் அவ்வப்போது கேட்கும். குழுவில் ஒருவர் "நான் இருக்கேன்" என்றால் போதும், அதைக் கேட்ட மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். விலகுபவர் சொல்லிக்கொண்டு போக வழியில்லை. பதிலே வராதபோதுதான் மதகு மூடும். அதுவரை யாருக்கும் வேண்டாத தரவு ஓடிக்கொண்டே இருக்கும்.

1997-இல் இரண்டாம் பதிப்பு 'போறேன்' என்ற செய்தியைச் சேர்த்தது. 2002-இல் மூன்றாவது அந்த மௌனத்தையும் ஒழித்தது. ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும். நடுவில் இருக்கும் சுவிட்சு அதை ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் திறந்துவிடும்.

பங்குச் சந்தையும் பிற்பாடு அந்த விலைத் தரவை மல்டிகாஸ்டுக்கு மாற்றியது.