நெல் ஆலையும் நஷ்ட ஈடும்

தஞ்சைத் தரணியின் நெல்லை அரிசியாக்கியவை நெடுங்காலம் உரலும் உலக்கையுமே. பின்னர்ப் புகைவண்டி நிலையங்களை அடுத்து நெல் ஆலைகள் எழுந்தன. கையைப் பற்றி இழுக்கும் தோற்பட்டையும் பற்சக்கரமும் உடன் வந்தன.

கை இழந்தவன், முதலாளியின் தவற்றை வழக்காடி மெய்ப்பித்தாலன்றி ஈடு பெறுதல் அன்று அரிது. 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததா என்பதே முதற் கேள்வியாயிற்று. உழைப்பாற்றலின் இழப்பை அச்சட்டம் அட்டவணையிட்டு அளந்தது: வலக்கை முழங்கைக்கு மேல் போயின் நூற்றுக்கு 70; இடக்கை போயின் 60; பெருவிரல் 25; சுட்டுவிரல் 10. இடக்கைப் பழக்கமுடையவன் என் செய்வான் என்று மாணவர்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். அந்நெல்லை வயலில் அரிவாள் கொண்டு அறுத்தவர்க்கோ அன்றைய அட்டவணையில் இடமே இல்லை.

ஆணையரின் தீர்ப்பில் சட்டம் பற்றிய முக்கிய வினா எழுந்தால் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். இவ்வளவோடு நின்றிருப்பின் மேல்முறையீடு பணமுள்ளவரின் படைக்கலமாகவே முடிந்திருக்கும். கூலியாள் சென்னைக்கு எத்தனை முறை ரயிலேறுவான்? 1933-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கொரு கடிவாளம் இட்டது. தீர்ப்பான தொகையை ஆணையரிடம் கட்டிச் சான்று பெற்ற பின்னரே முதலாளி முறையிட இயலும் என்றாயிற்று. வழக்கு நீண்டாலும் பணம் முதலாளியின் பெட்டியில் உறங்காது.

2004-இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டபின் தஞ்சை மாவட்டத்து முறையீடுகள் அங்கே சென்றன. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டத்தாருக்கோ சென்னைப் பயணம் நீங்கவில்லை.