கிண்டிப் புல்வெளி பிழைத்த கதை

ஒரகடம், வடக்குப்பட்டு வட்டாரத்தில் மேய்க்கால் புறம்போக்கைப் பார்த்தால் பலர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற நிலம். ஒன்று ஆலை வர வேண்டும், இல்லையென்றால் மரக்கன்றாவது நட வேண்டும். புல் புல்லாகவே இருக்கட்டும் என்று விட்டுவைத்த இடம் அபூர்வம். அப்படி ஒன்று சென்னை மாநகருக்குள்ளேயே இருக்கிறது: கிண்டி தேசியப் பூங்கா.

ஒரு காலத்தில் இது கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரின் சொத்து. 1821இல் அரசு இதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த வேட்டைக்காடாக இருந்ததால் வெளியார் கை படவில்லை. 1910இல் காப்புக்காடாக அறிவித்தபோது பரப்பு சுமார் 505 ஹெக்டேர்.

சுதந்திரத்துக்குப் பின் காடு துண்டு துண்டாகக் கைமாறியது. காந்தி மண்டபம் எழுந்தது, 1959இல் ஐ.ஐ.டி. வந்தது, ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் பின்தொடர்ந்தன. எல்லாமே நல்ல காரியங்கள்தான். அதனால்தான் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. 1977இல் மிச்சம் வனத்துறையிடம் வந்து, 1978இல் தேசியப் பூங்காவானபோது இருந்தது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்.

அதற்குள் முட்புதர்க் காடும், உலர் பசுமைமாறாக் காடும், போலோ திடல் எனப்படும் புல்வெளியும் உண்டு. வெளிமானுக்கு அந்தப் புல்வெளிதான் உயிர். புள்ளிமான் மர நிழலில் ஒதுங்கிக்கொள்ளும்; வெளிமானோ தூரத்திலேயே ஆபத்தைக் கண்டு ஓடித் தப்புவது. அதற்குத் திறந்தவெளி வேண்டும். அங்கே புதர் மண்டினாலும், பச்சையாக்குகிறோம் என்று மரம் நட்டாலும் வெளிமானுக்கு இடமில்லை.

மக்களை உள்ளே விட்டதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சிறுவர் பூங்காவும், ராமுலஸ் விட்டேக்கர் 1972இல் தொடங்கிய பாம்புப் பண்ணையும் ஓரத்தில் உள்ளன. குழந்தைகள் அங்கே வந்து போகலாம். நடுக்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஓரம் மக்களுக்கு, நடு மானுக்கு.

கிண்டிக்கு ஆளுநர் மாளிகையின் வேலி கிடைத்தது. வடக்குப்பட்டுப் பக்கத்து மேய்க்காலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கிராமசபைதான் அதற்கு வேலி. ஊருக்கு ஒரு மேய்க்காலையாவது மரம் நடாமல், மனை போடாமல் புல்லாகவே காப்போம் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.