கழித்தல் குறிக்கு இரண்டு வேலை: செங்கல்பட்டுக் கணக்கும் மல்லைக் கடலும்

5 − (−8) எவ்வளவு? ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் 13 என்று சட்டெனச் சொல்லிவிடும். எப்படி என்றால், "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்" என்று பதில் வரும். சரி, −5 − 8 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அதே வாசகத்தை வைத்துக்கொண்டு இதற்கும் 13 என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. ரெண்டு மைனஸ் இருக்குதே, சேர்ந்தா பிளஸ்தானே? பிள்ளை மேல் தப்பில்லை. பெருக்கலுக்கான விதியையும் கழித்தலுக்கான விதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி நாம்தான் கையில் கொடுத்தோம்.

இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. குறை எண் மனித மூளைக்குள் இரண்டு வழியாக வந்தது. ஒன்று கடன். இன்னொன்று திசை.

முதல் வழியைத் தெளிவாகப் போட்டுக் கொடுத்தவர் பிரம்மகுப்தர். கி.பி. 628இல், இன்றைய ராஜஸ்தானில் இருக்கும் பீன்மாலில், 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில், 630 வாக்கில், காஞ்சியில் நரசிம்மவர்மன் பட்டத்துக்கு வருகிறான். மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த மாமல்லன் அவன்தான். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை, காலத்தை மனதில் நிறுத்திக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

பிரம்மகுப்தர் பயன்படுத்திய சொற்கள் தனம், ருணம். ருணம் என்றால் கடன். நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் விதிகளை அடுக்குகிறார். தனமும் தனமும் கூடினால் தனம். ருணமும் ருணமும் கூடினால் ருணம். தனமும் ருணமும் கூடினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சமமாக இருந்தால் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து ருணத்தைக் கழித்தால் தனம்.

கூட்டலுக்கு இந்த வழி அருமையானது. செங்கல்பட்டு சந்தையில் ஒருவர் கையில் 300 ரூபாய், கொடுக்க வேண்டிய கடன் 500 என்றால் அவர் நிலை −200. இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளக்கவே வேண்டாம். கழித்தலில்தான் சிக்கல். "எங்கிட்ட 5 ரூபா இருக்கு, கடனே இல்ல. இல்லாத 8 ரூபா கடனை எப்படி சார் கழிக்கிறது?" நியாயமான கேள்வி.

இதற்கு ஒரு பழைய கருவி உதவும். சீனாவின் 'ஒன்பது அதிகாரங்கள்' என்ற கணித நூல் மரபில், கணக்குப் போடும் குச்சிகள் இரண்டு நிறத்தில் இருந்தன. கி.பி. 263இல் அந்நூலுக்கு உரை எழுதிய லியூ ஹுய் மிகைக்குச் சிவப்பு, குறைக்குக் கறுப்பு என்று சொல்கிறார். நம் வகுப்பில் புளியங்கொட்டையும் சோழியும் போதும். கொட்டை ஒன்று +1, சோழி ஒன்று −1. ஒரு கொட்டையும் ஒரு சோழியும் சேர்ந்தால் பூஜ்யம். மேஜையில் 5 கொட்டை இருக்கிறது, 8 சோழியை எடுக்கச் சொல்கிறோம், ஆனால் சோழி இல்லை. அப்போது 8 ஜோடி கொண்டுவந்து வையுங்கள். பூஜ்யத்தைத்தான் சேர்த்திருக்கிறோம், மதிப்பு மாறவில்லை. இப்போது 8 சோழியையும் எடுத்துவிட்டால் மீதி 13 கொட்டை. அவ்வளவுதான். குறை எட்டைக் கழிப்பதும் மிகை எட்டைக் கூட்டுவதும் ஒன்றாகிவிடுவது கண்ணெதிரே நடக்கிறது.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் இது இருந்ததா? 1822இல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். செங்கல்பட்டும் அதில் அடக்கம். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அந்தக் காலத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது எண்சுவடி. அதில் பின்னங்கள் மலைக்க வைக்கும். கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரிக்கு வரும், அது 320இல் ஒரு பங்கு. அந்த முந்திரியிலும் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று.

ஒன்றுக்குக் கீழே அவ்வளவு ஆழம் இறங்கிய எண்சுவடி வாய்பாடுகள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஊர்க் கணக்கர்களுக்குக் கடன் தெரியாதா என்ன? 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரில் எடுத்த சர்வே, கிராமக் கணக்கர்கள் வைத்திருந்த விவரங்களின் மேல்தான் நின்றது. விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நெல்லைப் பிரித்துப் பிரித்து எழுதியவர்கள் அவர்கள். வரவு, செலவு, நிலுவை என்று தனித்தனிப் பெயர் இருந்ததால் எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போட வேண்டிய அவசியம் அந்தக் கணக்கில் வரவில்லை என்பது என் ஊகம். குறி செய்யும் வேலையைச் சொல்லே செய்துவிட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இரண்டாவது வழி, திசை. 1150இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய 'லீலாவதி'யில் ஒரு முக்கோணம் வரும். பக்கங்கள் 10, 17, அடி 9. உச்சியிலிருந்து செங்குத்து இறக்கினால் அடியின் ஒரு துண்டு 15, இன்னொன்று −6 என்று வருகிறது. நீளம் குறையாக இருக்க முடியுமா? எதிர்த்திசையில் இருக்கிறது என்று பொருள் சொல்லி நகர்ந்துவிடுகிறார். செங்குத்து அடிக்கு வெளியே விழுகிறது, அவ்வளவே. இங்கிலாந்தில் ஜான் வாலிஸ் 1685இல் இதே கருத்தை நடையாக விளக்கினார். 5 கஜம் முன்னே நடந்து 8 கஜம் பின்னே வந்தால், கிளம்பிய இடத்துக்கு 3 கஜம் பின்னால், அதாவது −3.

ஆனாலும் ஐரோப்பாவில் சண்டை ஓயவில்லை. 1758இல் பிரான்சிஸ் மசேரஸ் குறை எண்களை இயற்கணிதத்திலிருந்தே விலக்கிவிடலாம் என்கிற மாதிரி ஒரு நூல் போட்டார். நம் மதுரையில் 1806இல் பிறந்த அகஸ்டஸ் டி மார்கனும் 1831இல் ஒரு கணக்கு கொடுக்கிறார். தந்தைக்கு 56, மகனுக்கு 29. தந்தையின் வயது மகன் வயதைப்போல் இரு மடங்கு ஆவது எப்போது? விடை −2. இது அபத்தம், கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்றார். இரண்டு வருஷம் முன்னாடி தந்தைக்கு 54, மகனுக்கு 27. சரியாகத்தானே இருக்கிறது? டி மார்கனே தடுமாறிய இடத்தில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தடுமாறினால் அதை மக்கு என்று சொல்லக்கூடாது.

திசை வழிக்கு மாமல்லபுரக் கடற்கரையைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது. கடல் மட்டம் 0. இது கூடச் சராசரிதான், ஓதம் ஏறி இறங்கும். 2004 டிசம்பர் 26 அன்று அலை வருமுன் கடல் உள்வாங்கி, எப்போதும் மூழ்கியே இருக்கும் பாறைகள் வெளியே தெரிந்தன. பூஜ்யம் என்பது நாம் ஒப்புக்கொண்டு வைத்த குறி, எல்லாவற்றின் அடிமட்டம் அல்ல. அதற்கும் கீழே இடம் உண்டு. 2002இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் குழுவும் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டார்கள்.

இப்போது கணக்கு. மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே ஒரு கல், 8 மீட்டர் கீழே ஒரு சிதைவு. கீழுள்ளதிலிருந்து மேலுள்ளதற்கு எவ்வளவு ஏற வேண்டும்? 5 − (−8) = 13. இங்கே உள்ளே இருக்கும் குறி முகவரி, வெளியே இருக்கும் குறி செயல். முங்கு நீச்சல்காரர் 5 மீட்டர் ஆழத்தில் இருந்து இன்னும் 8 மீட்டர் இறங்கினால்? −5 − 8 = −13. இதில் முதல் குறி முகவரி, அடுத்தது செயல். இரண்டு மைனஸ்கள் 'சேரவே' இல்லை.

ஒரே கோடு இரண்டு வேலை செய்கிறது. ஆங்கிலப் பேச்சில் பெரும்பாலும் இரண்டுக்கும் 'மைனஸ்' என்ற ஒரே சொல்தான். தமிழில் அப்படி இல்லை. நம் பாடநூலில் எண் 'குறை எட்டு', செயல் 'கழி'. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இவற்றைத் 'திசைகொண்ட எண்கள்' என்றே அழைக்கின்றன, அங்கே அது 'மறை எட்டு'. நம் சொல்லில் கடன் வழி தெரிகிறது, அவர்கள் சொல்லில் திசை வழி தெரிகிறது. இரண்டும் வேண்டும்.

ஆனால் தமிழ் வழி வகுப்பிலேயே வாய்க்கு வருவது 'அஞ்சு மைனஸ் மைனஸ் எட்டு'தான். பழைய கணக்கர் சொல்லால் செய்த வேலையை நாம் தொலைத்தது இங்கேதான். விதி சொல்லிக் கொடுப்பதற்கு முன் சில வாரம், ஒவ்வொரு கணக்கையும் தமிழில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "ஐந்திலிருந்து குறை எட்டைக் கழி." "குறை ஐந்திலிருந்து எட்டைக் கழி." வாசிக்கும்போதே இரண்டும் வேறு கணக்கு என்று காதுக்குத் தெரிந்துவிடும். கொட்டையும் சோழியும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.