விருப்பத் தேதி: பஞ்சாலைத் தொழிலாளியின் முதுமையும் 58 என்கிற எண்ணும்

கோவைத் தொழிலாளர் வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பதில் யாருக்கும் வயதாவதில்லை. முப்பதுகளின் வேலைநிறுத்தங்கள், இளம் வயதிலேயே இறந்துபோன என்.ஜி. ராமசாமி, 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வர் என்று எல்லோரும் வாலிபத்திலேயே உறைந்து நிற்கிறார்கள். அவர்களை நினைவில் வைத்திருப்பது நம் கடமை, அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் தூக்கு மேடைக்குப் போகாமல், தலைவராகவும் ஆகாமல், முப்பது வருடம் சைடு பார்த்து, பஞ்சுத் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, ஒரு நாள் டிபன் தூக்கோடு வெளியே வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். நமது வரலாறெழுதியல் மில் கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே அவர்களுக்காகக் காத்திருந்தது ஒரு பாரம்.

10-டி என்று அதற்குப் பெயர். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் கேட்டு எழுதுகிற விண்ணப்பம். இலக்கியப் பிரதிகளைக் கட்டுடைத்துக் காட்டுவதில் நாம் தேர்ந்துவிட்டோம். இந்த மாதிரிப் பிரதியை யாரும் தொடுவதில்லை. பாரத்தின் கட்டங்களைப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, நிறுவனத்தின் குறியீட்டு எண், வேலையிலிருந்து விலகிய தேதி எல்லாமே ஏற்கெனவே யாரோ எழுதி முடித்தவை. மில் ஆபீஸ் சொன்னதைத் தொழிலாளி திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். ஒரே ஒரு கட்டம்தான் வேறு மாதிரி. குறைக்கப்பட்ட பென்ஷன் வேண்டுமென்றால், எந்தத் தேதியிலிருந்து என்று அது கேட்கிறது. தொழிலாளியின் விருப்பத்தைக் கேட்கிற கட்டம் அது. இந்த விருப்பத் தேதி எங்கிருந்து வந்தது, அதை உண்மையில் யார் நிரப்பினார்கள் என்பதுதான் எனக்கு இங்கே பிரச்சினை.

1952ன் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. பி.எஃப். என்பது மொத்தமாகக் கைக்கு வருகிற பணம். தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் வட்டியோடு சேர்ந்து வரும், அதோடு கணக்கு முடிந்தது. கொங்குச் சீமையில் அந்தப் பணம் ஓட்டு வீடாகவும், மகளின் நகையாகவும், அரை ஏக்கர் காடாகவும் மாறியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1971ல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. வேலையில் இருக்கும்போது தொழிலாளி செத்தால் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. சாகாமல் ஓய்வு பெற்றால் அவருக்கு ஒரு சிறு தொகையோடு சரி, மாதப் பென்ஷன் இல்லை. சேர்வதா வேண்டாமா என்பது அப்போது வேலையில் இருந்தவர்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. செத்தால்தான் வரும் என்கிற பணத்துக்கு எதற்கு இப்போதே கட்டுவது என்று பலர் சேரவில்லை. அது முதல் தீர்மானம். 24 வருடம் கழித்து அதன் விலை தெரிந்தது.

1995 நவம்பர் 16ல் புதுத் திட்டம் அமலுக்கு வந்தது. முதலாளி கட்டும் பங்கிலிருந்து 8.33 சதவீதம் பி.எஃப். கணக்கிலிருந்து பென்ஷன் நிதிக்குத் திருப்பப்பட்டது. மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கும். 10 வருடச் சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன். வேலையை விட்டவர் 50லிருந்தே கேட்கலாம், ஆனால் 58க்கு எத்தனை வருடம் குறைகிறதோ அதற்குத் தக்கபடி வெட்டு விழும். முதலில் வருடத்துக்கு 3 சதவீதமாக இருந்த வெட்டு, 2008ல் 4 ஆனது. தொழிற்சங்கங்கள் இதை ஒரே குரலில் வரவேற்கவில்லை. தொழிலாளியின் கைக்கு மொத்தமாக வரவேண்டிய பணத்தைத் தவணையில் கொடுப்பதற்குப் பெயர் சமூகப் பாதுகாப்பா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்விதான். மாதாமாதம் ஏதோ வருகிறதே என்ற ஆறுதலும் அதே அளவு நியாயமானது.

எவ்வளவு வந்தது? சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு: 1995ல் 5000 ரூபாய், 2001ல் 6500, 2014ல் 15000. 1995க்கு முந்திய சேவைக்கு இந்தச் சூத்திரமும் பொருந்தாது, அதற்கு ஒரு தனி அட்டவணை. 20 வருடத்துக்கு மேல் பழைய சேவை இருந்தால் மாதம் 150 அல்லது 170 ரூபாய், அதன்மேல் ஒரு பெருக்கல் காரணி. 2005 வாக்கில் 3500 ரூபாய்ச் சம்பளத்தில் வெளியே வந்த ஒருவருக்குப் புதுத் திட்டத்தின் 10 வருடம் கொடுத்தது மாதம் 500 ரூபாய். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மூன்று ஷிப்டும் உழைத்த காலம் அட்டவணைக்குள் சுருங்கிப்போனது.

சங்க ஆபீஸ்களில் அப்போது சொல்லப்பட்ட புத்திமதி ஒன்றுதான்: பொறுங்க, அம்பத்தெட்டு ஆனா முழுசா வரும். எங்கள் பெரியப்பா ஒருவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் மில்லில் சைடராக இருந்தவர். மில் மூடியபோது அவருக்கு 51. அவர் பொறுக்கவில்லை. ஏன் என்று பின்னாளில் கேட்டேன். "எத்தன நாளைக்கு இருப்பம்னு ஆருக்குக் கண்ணு தெரியும்? அவனுக்குத் தெரியுமா? வர்றத வாங்கிப்போட்டுட்டு வேற சோலியப் பாக்க வேண்டீதுதான்" என்றார். இதைப் படிப்பறிவில்லாத அவசரம் என்று சொல்வோர் உண்டு. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

58ல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய 4 சதவீத வெட்டுப்படி 50 வயதில் வாங்குகிறவருக்கு 68 ரூபாய். 58 ஆவதற்குள் 96 மாதம், 6528 ரூபாய் வாங்கிவிடுகிறார். அதற்கப்புறம் பொறுத்தவரைவிட மாதம் 32 ரூபாய் குறைவு. அந்த 6528ஐ 32ஆல் வகுத்தால் 204 மாதம், அதாவது 17 வருடம். பொறுத்தவர் இவரை எட்டிப்பிடிக்க 75 வயது வரை உயிரோடு இருக்கவேண்டும். 57 வயதுக்காரரிடம் ஒரே ஒரு வருஷம் பொறு என்று சொன்னால் கணக்கு இன்னும் மோசம், 82 வயதாகும். மில் ஓடிக்கொண்டிருந்தால் பொறுப்பதில் சேவை ஆண்டாவது கூடும். மூடிய மில்லுக்கு அதுவும் இல்லை. பெரியப்பாவின் பேச்சில் இருந்தது கணக்குதான். பேப்பரில் எழுதப்படாத கணக்கு.

இதில் இன்னொரு விஷயம் சேரவேண்டும். மில்லில் வேலை செய்தவரைக்கும் அவர்களுக்குப் பஞ்சப்படி உண்டு. விலைவாசிக் குறியீடு ஏறினால் அதுவும் ஏறும்; அந்தப் புள்ளிக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் அவர்கள். பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. தொடக்க ஆண்டுகளில் சிறு சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள், பிறகு அதுவும் நின்றது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று அறிவித்ததுதான் குறிப்பிடத்தக்க ஒரே உயர்வு. ஆக 58 வரை பொறுத்து வாங்குகிற 100 ரூபாயும் வருடா வருடம் தேய்கிற 100 ரூபாய்தான். எப்போது வாங்குவது என்று தொழிலாளியை மண்டை காயவிட்ட திட்டம், எவ்வளவு என்ற கேள்வியை 70 என்ற வகுஎண்ணுக்குள் பூட்டி வைத்துவிட்டது. தேதியைப் பற்றிய விவாதத்துக்குச் சங்கங்கள் கொடுத்த நேரத்தில் பாதியை அந்த எண்ணுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, 58 எங்கிருந்து வந்தது? 1889ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டத்தில் வயது 70. அதை 65 ஆக்கியது 1916ல். இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு 55 ஆக இருந்ததை 1962ல் 58 ஆக்கினார்கள். 1998ல் அது 60 ஆனது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2020ல் 59, 2021ல் 60. ஆபீஸ்காரரின் உடம்புக்கு அளந்து தைத்த சட்டை இது. கார்டிங்கிலும் ப்ளோரூமிலும் 20 வருடம் நின்ற உடம்புக்கு வேறு காலண்டர் உண்டு. லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சை அடைக்கும், பிசினோசிஸ் என்பார்கள். இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. 50 வயதில் மாடிப்படி ஏற முடியாதவருக்கு 58 என்பது யாருடைய வயது?

பதிவேட்டு வயதே ஒரு புனைவுதான். பைக்காரா கரண்ட் வந்த வருசம், அதற்கும் முன்னால் தாது வருசப் பஞ்சம் என்று காலத்தை எண்ணிய ஊர் இது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டார். பள்ளிக்கூடமே போகாதவருக்கு டாக்டர் பல்லையும் உடம்பையும் பார்த்து ஒரு வயதைக் கொடுத்தார். கடிகாரம் தொழிலாளியின் பொழுதை எப்படிப் பிடித்தது என்று ஈ.பி. தாம்சன் 1967ல் எழுதினார். கோவையில் மில் சங்கு பொழுதைப் பிடித்தது, பதிவேடு ஆயுளைப் பிடித்தது. ஃபூக்கோவை நாம் ஓயாமல் மேற்கோள் காட்டினோம். 1983ல் அவர் ஒரு பிரெஞ்சுத் தொழிற்சங்கத் தலைவரோடு சமூகப் பாதுகாப்பு பற்றியே நீண்ட உரையாடல் நடத்தியிருக்கிறார். பாதுகாப்பு கொடுக்கிற ஏற்பாடே மனிதரைத் தன்னோடு கட்டிப்போடவும் செய்கிறது என்பது அதில் அவர் எழுப்பும் சிக்கல். அதை யாரும் பி.எஃப். கவுண்டர் வரைக்கும் கொண்டுபோகவில்லை.

ஆகவே விருப்பத் தேதிக் கட்டத்தை நிரப்பியது பெரும்பாலும் மில் மூடிய தேதிதான். 1888ல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, முப்பதுகளில் பைக்காரா மின்சாரத்தால் பெருகிய ஆலைகளில் நலிந்தவற்றை 1974ல் அரசு நாட்டுடைமை ஆக்கியது. தொண்ணூறுகளுக்குப் பின் தனியார் ஆலைகள் வரிசையாகச் சாத்தின, அரசு ஆலைகளில் வி.ஆர்.எஸ். வந்தது. வெளியே வந்தவர்களுக்குச் சோமனூர்த் தறியும் கணபதியின் லேத் பட்டறையும் இருந்தன. 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்த பட்டறைக்குப் பி.எஃப். சட்டம் கிடையாது. அங்கே கூலி வாங்கிக்கொண்டே குறைந்த பென்ஷனையும் வாங்கலாம். பெரியப்பா சொன்ன வேற சோலி அதுதான். தோட்டமும் கிணறும் இருந்த கவுண்டர் வீட்டுத் தொழிலாளியால் 58 வரை பொறுக்க முடிந்தது; காலனியிலிருந்து வந்தவருக்கு 50 பிறந்த மாதமே பாரம் தேவைப்பட்டது. வெட்டு எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்பதில் இருக்கிற சமத்துவம் இவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்ட தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. எந்திரம் ஓடவில்லை, ஆனால் ஆள் பதிவேட்டில் இருக்கிறார். வேலையை விட்டவருக்குத்தான் முன்கூட்டிய பென்ஷன் என்பது விதி. மூடிய மில்லின் தொழிலாளி வேலையை விடாதவர், ஆகவே அவருக்கு விருப்பத் தேதி கிடையாது. 2016லிருந்து 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடுதல் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை யாருக்காக எழுதினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பாரத்தில் 2008 வரை இன்னொரு கட்டமும் இருந்தது. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் அதன் 100 மடங்கு மொத்தமாகக் கிடைக்கும். 600 ரூபாய்ப் பென்ஷனில் 200ஐ விட்டால் 20000 ரூபாய். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 8 வருடம் 4 மாதத்தில் அந்தக் கடன் அடைந்துவிடும். வெட்டு மட்டும் தொடர்ந்தது. 15 வருடம் கழித்து முழுப் பென்ஷனைத் திருப்பித் தரலாம் என்று விதி திருத்தப்பட்டது 2020ல். அதைப் பார்க்க எத்தனை பேர் இருந்தார்கள்?

பெண்களைப் பற்றி இதுவரை பேசவில்லை. இரவு ஷிப்டுக்குச் சட்டம் போட்ட தடையும், பிரசவச் சலுகைக்கு முதலாளிகள் பயந்ததும் சேர்ந்து, ரீலிங்கில் இருந்த பெண்கள் மெல்ல வெளியேற்றப்பட்டார்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு பெண்கள் திரும்ப மில்லுக்குள் வந்தபோது ஹாஸ்டல் கேட் வழியாக, தென்மாவட்டங்களிலிருந்து, பதினாறு பதினேழு வயதில் வந்தார்கள். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று மங்கலமான பெயர்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை. பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும், கூலியின் ஒப்பந்தமோ மூன்று வருடம். பி.எஃப். பிடித்த மில்களிலும் இவர்கள் கையெழுத்துப் போட்டது 10-டியில் அல்ல, 10-சி பாரத்தில். கட்டிய வரைக்கும் எடுத்துக்கொண்டு போவதற்கான பாரம் அது. சேவையை அடுத்த கம்பெனிக்குக் கொண்டுபோகச் சான்றிதழ் கேட்கலாம் என்பதும் அதே பாரத்திலேயே இருக்கிறது. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற, நாற்பதை நெருங்குகிற ஒரு பெண்ணிடம் அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். மூன்று வருடத்துக்கு வந்த பணம் என்ன ஆச்சு என்றேன். "கட்டிலும் பீரோவும் எடுத்தமுங்க. பீரோ இன்னும் இருக்குது" என்றார்.