ஃபைபர் பாடி கார்கள் (இந்தியா)

கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் அச்சில் சேர்த்து இறுகவைத்த ஃபைபர் பாடியை உலகறியச் செய்தது 1953-இல் வெறும் 300 வண்டிகளாக வந்த செவ்ரோலே கார்வெட். இந்தியாவில் பெங்களூரின் சன்ரைஸ் நிறுவனம், பின்னாளைய சிபானி, 1970-களில் ‘பாதல்’ என்ற மூன்று சக்கர வண்டியையும், 1982-இல் பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனை ஒட்டி டால்ஃபினையும் ஃபைபரில் கட்டியது. எடை குறைவதுதான் காரணம் என்பார்கள். முதலீடே பெரிய காரணம். இரும்புத் தகட்டை வளைக்கப் பெரிய பிரஸ்களும் விலையுயர்ந்த டைகளும் வேண்டும். பல்லாயிரம் வண்டி விற்றால்தான் அந்தச் செலவு தேறும். ஃபைபருக்கு ஓர் அச்சு போதும்: உட்புறம் நிறம் கலந்த ஜெல்கோட் பூசி, கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசின் தடவி, காற்றுக்குமிழி தங்காமல் ரோலரால் அழுத்தி, இறுகியதும் கழற்றி விளிம்பை அறுப்பார்கள். சிறு நிறுவனம் கார் செய்ய அன்று இதைவிட எளிய வழி இல்லை.

அந்த வழியே அதன் எல்லையும் ஆனது. பிரஸ் சில நொடிகளில் தரும் பாகத்தை அச்சு பல மணி நேரம் கழித்தே தரும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் டால்ஃபினால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிளாஸ்டிக் வண்டி என்று மக்கள் ஒதுக்கியதே காரணம் என்பதை முழுதாக ஏற்க முடியாது. அதே டால்ஃபின் சோழவரம் கார் பந்தயங்களில் விரும்பி ஓட்டப்பட்டது. கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரை ஊர்களான பூவாறிலும் பொழியூரிலும் மீனவர்கள் ஃபைபர் வள்ளங்களையே நம்பிக் கடலுக்குப் போகிறார்கள். வள்ளம் ஒவ்வொன்றாகக் கட்டப்படுவது. அங்கே அச்சின் மந்தம் குறையாகாது. கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட், பருத்திக் கழிவும் ஃபீனால் ரெசினும் கலந்த தகடுகளோடு ஏறத்தாழ 30 லட்சம் வண்டிகள் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தன, ஆனால் அங்கே இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்தது, வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், போட்டிக்கு ஒரு மாருதியும் இல்லை.

2001-இல் பெங்களூரின் ரேவா மின்கார், ஃபைபருக்குப் பதிலாக, இரும்புச் சட்டத்தின் மேல் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பலகைகளைப் பொருத்தியது. நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருந்ததால் பெயின்ட் ஷாப் என்ற பெருஞ்செலவு மிச்சம். பெரிய நிறுவனங்களிலோ பிளாஸ்டிக் பம்பர், டாஷ்போர்டு வழியாக நுழைந்தது. உருக்கிய பாலிப்ரொப்பிலீனை அச்சுக்குள் செலுத்தினால் ஓரிரு நிமிடத்தில் பம்பர் தயார். பழையதை உருக்கி மீண்டும் வார்க்கலாம். இறுகிய பாலியெஸ்டரை அப்படி உருக்க முடியாது.