ஏணியில் தொடங்கிய கதை: அடியிறக்கமும் கெகல் பயிற்சியும்

1/
இருமினா, தும்மினா, குடம் தூக்கினா சிறுநீர் கசியுதா? கீழே ஏதோ இறங்குற மாதிரி இருக்கா? "பிள்ளை பெத்தா இதெல்லாம் சகஜம்"னு சொல்லி உங்க வாயை அடைச்சிருப்பாங்க. சகோதரிகளே, இது விதி இல்லை, வைத்தியம் உள்ள நோய். அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

2/
இடுப்புக் குழியின் அடியில் தொட்டில் துணி மாதிரி ஒரு தசைத்தளம் இருக்கு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவதில் அதுக்குப் பெரிய பங்கு. பிரசவம், மாதவிடாய் நிற்பது, தீராத இருமல், முக்கி மலம் கழிப்பது, இதனாலெல்லாம் தொட்டில் தளரும். விளைவு: சிறுநீர்க் கசிவு, அடியிறக்கம்.

3/
சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் என்ன வைத்தியம் தெரியுமா? அடி இறங்கிய பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்குவது! ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள நூல்களிலேயே இது இருக்கு. பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்து முட்டுக்கொடுப்பதும் உண்டு.

4/
சிரிக்காதீங்க. அந்த மாதுளையின் வாரிசுதான் இன்று நாங்க பொருத்தும் சிலிக்கான் வளையம். பெயர் பெஸ்ஸரி. அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கு இன்றும் நல்ல துணை.

5/
ஆனால் முட்டுக்கொடுப்பது வேறு, தசையை வலுவாக்குவது வேறு. 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் தன் பயிற்சியை வெளியிட்டார். கூடவே பெரினியோமீட்டர் என்ற கருவியும். பெண் தசையை இறுக்கும்போது அந்த அழுத்தம் முள்ளில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தசை சரியா வேலை செய்யுதான்னு அவளே பார்க்கலாம்.

6/
பிறகு நடந்ததுதான் சோகம். பயிற்சி உலகம் முழுக்கப் பரவியது, அளந்து பார்ப்பது பெரும்பாலும் நின்றுபோனது. "இறுக்கிப் பிடிங்கம்மா"ன்னு வாய்வார்த்தையாச் சொல்லி அனுப்பினோம். 1991இல் வந்த ஓர் ஆய்வில், அப்படிச் சொல்லிக் கொடுத்த 47 பெண்களில் 23 பேர்தான் சரியாகச் செய்தார்கள். 12 பேர் செய்த விதம் கசிவை இன்னும் கூட்டக்கூடியது.

7/
அதனால், "செஞ்சு பார்த்தேன் டாக்டர், பலனில்லை"ன்னா தப்பு உங்க மேல இல்லை. காற்று பிரியாமல் அடக்குவது போல உள்ளே மேல்நோக்கி இழுக்கணும். மூச்சை அடக்கி முக்கக் கூடாது. ஒரு முறைக்கு 8, நாளுக்கு 3 முறை, குறைந்தது 3 மாதம்.

8/
மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ "நான் சரியா செய்றேனான்னு பாருங்க"ன்னு கேளுங்க. அடி நல்லா இறங்கியிருந்தால் பயிற்சி மட்டும் போதாது, வளையமோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். அம்மாவிடமும் மாமியாரிடமும் இன்றே கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.